தேங்காய் நுழையாத கட்டில்

தருமபுரியில் ஒரு மரச்சாமான் கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். இளஞ்சிவப்புக் கட்டில் ஒன்றின் பக்கக் கம்பிகளுக்கு நடுவே நான் ஒரு தேங்காயை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னத் தேங்காய். மட்டை உரித்துக் குடுமி எடுத்தது. என் மகள் அமலிக்கு அப்போது ஐந்து வயது. அவள் தலையைவிட அது ஒரு சுற்றுச் சின்னது. தேங்காயே நுழையாத இடத்தில் தலை எப்படி நுழையும் என்பது என் கணக்கு. வாங்கும்போது தேங்காய்க்கார அம்மா, "குழம்புக்கா, சாமிக்கா?" என்று கேட்டார். "கட்டிலுக்குங்க" என்றேன். அவர் மீதிச் சில்லறையைச் சீக்கிரமாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த கடைப்பையன் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், பூஜையெல்லாம் டெலிவரி ஆனப்புறம் வூட்டுல வச்சுக்கலாங்க சார்."

"பூஜை இல்லீங்க தம்பி. இது டெஸ்ட்டு."

"கம்பெனியிலயே டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பறாங்க."

"தேங்கா வச்சுப் பண்ணாங்களா?"

அவர் நேர்மையானவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலீங்க சார்" என்றார்.

அந்தச் சமயம் பார்த்துத் தேங்காய் கம்பிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழுந்தது. பளிங்குத் தரையில் உருண்டது. சாப்பாட்டு மேசைகளின் அடியில் புகுந்து, அலமாரிகளைத் தாண்டி, நிதானமாக ஊர்வலம் போய், தூரத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி பிலோமியின் காலடியில் நின்றது. பிலோமி காலை மேலே இழுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் என்னை இவ்வளவு அந்நியனாகப் பார்த்ததில்லை.

அடுத்தது விழும் சோதனை. பிள்ளை தூக்கத்தில் புரண்டு விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதை, படுத்துப் புரண்டு விழுந்துதான் தெரிந்துகொள்ள முடியும். கார் மாதிரி செய்திருந்த சிவப்புக் கட்டிலிலிருந்து விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. அதே கட்டிலில் ஏறிப் பார்த்த அமலி, "அப்பா, ஸ்டியரிங் சுத்தவே மாட்டேங்குது, ஏமாத்தறாங்க" என்று இறங்கிவிட்டாள். ஏணி வைத்த மாடிக் கட்டிலுக்கு நான் போனபோது கடைத்தம்பி ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "கீழ் அடுக்கிலேர்ந்து மட்டும் விழுங்க சார். என்னைத்தான் கேப்பாங்க."

கடைசியாக ஒரு வெள்ளைக் கட்டில். நாலு பக்கமும் வலைத்திரை. உள்ளே நுழைந்து படுத்தேன். விசிறிக் காற்றில் வலை மெதுவாக உப்பியது, அமுங்கியது, மறுபடி உப்பியது. ஏதோ பெரிய உயிர் ஒன்றின் வயிற்றுக்குள் படுத்திருப்பது போல இருந்தது. கண்ணாடிச் சன்னலின் வெயில் வலை வழியாக வந்து பால் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வலைக்கு வெளியே ஒரு குடும்பம் நின்றிருந்தது. அதிலிருந்த சின்னப் பெண் தன் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "இந்த அங்கிளும் கட்டிலோட வருவாரா?"

பிலோமி வந்துவிட்டாள். கையில் தேங்காய். "எழுந்திரிங்க. போலாம்."

மூக்கும் பனியனும்

சென்ற வாரம் இந்தத் தொடரில், இதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அமலியோடு ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறியதையும், அது சுழன்றபோது நான் பரிசல்காரரின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தியதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மொரப்பூர் வாசகர் ஒருவர், இவ்வளவு பயப்படுகிற ஆள் ஏன் வீட்டைவிட்டு வெளியே வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் நீங்கள் கேட்டபடியே வீட்டுக்குள் நடந்ததைத்தான் எழுதுகிறேன். அங்கேயும் நான் இப்படித்தான்.

எனக்குத் தொழில் பட்டுப்புழு வளர்ப்பு. பென்னாகரம் பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரி, அதன் ஓரத்தில் புழுக்கொட்டகை, கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பிறந்ததிலிருந்து அமலி என் பக்கத்தில்தான் தூங்குவாள். பாயில் நான், என் இடது கை மடக்கில் அவள், அவள் மூக்கு என் பனியனில். அதற்கு அந்தப் பக்கம் பிலோமி. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருக்கவில்லை. என் இடது கைக்கு மட்டும் இருந்தது. அது அஞ்சு வருஷமாக மரத்துப்போய்க் கிடந்தது.

அந்த வருஷம் மழைக்கு அப்புறம் அமலிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலில் இருமல். பிறகு தூங்கும்போது நெஞ்சுக்குள் யாரோ புல்லாங்குழலை மோசமாக வாசிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளைகள் டாக்டரிடம் போனோம். அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். வீட்டில் நாய் உண்டா, யாராவது சிகரெட் பிடிப்பார்களா, விறகடுப்பா. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவன் மாதிரி பதில் சொன்னேன்.

"நைட்ல பாப்பா யார் பக்கத்துல படுப்பா?"

"என் பக்கத்துலதாங்க டாக்டர்." பெருமையாகச் சொன்னேன். "என்னை விட்டா தூங்க மாட்டா."

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

சொன்னேன். அவர் எழுந்து வந்து என் சட்டையின் தோள்பட்டையில் ஒரு விரலால் தட்டினார். சன்னல் வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு சின்ன மேகம் கிளம்பிற்று. புழுப் படுக்கையில் தூவும் சுண்ணாம்புத் தூள். அன்று காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்; கிளம்பும்போது ஒரே ஒரு நிமிஷம் கொட்டகையை எட்டிப் பார்த்ததோடு சரி.

மேகம் இறங்கும் வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாப்பாவுக்குத் தனி ரூம், தனிக் கட்டில் போடுங்க," என்றார். "கொட்டகைக்குப் போன துணி, கொட்டகைக்குப் போன ஆள், ரெண்டும் அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது. பஞ்சு மெத்தை வேணாம். துடைச்சுக் கழுவற மாதிரி இருக்கணும். தூள்னு எதுவும் கிட்ட வரக் கூடாது. உங்களுக்கு அடுத்த புழு எப்ப வருது?"

"இன்னும் ஒன்பது நாள்ல."

"அதுக்குள்ள பண்ணிடுங்க."

சட்டையைக் கழட்டுங்க

இதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக்குகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகள் தனியாகப் படுப்பது உலகத்தில் நடக்காததா.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் அமலி. அதுவும் நாள் ஆவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தின் கனம்தான். பிலோமிக்கு ஆபரேஷன் முடிந்து காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சுவரோடு சுவராக நின்றிருந்தேன். நர்சம்மா ஒருவர் வந்து, "நீங்கதான் அப்பாவா? உள்ள வந்து சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

எனக்குத்தான் ஏதோ ஆபரேஷன் என்று நினைத்தேன். சத்தியமாக. எதற்கு என்று கேட்கக்கூடப் பயம். கழற்றினேன். பனியனையும் கழற்றச் சொன்னார். சாய்வு நாற்காலி ஒன்றில் படுக்க வைத்து, துணி மாதிரி எதையோ கொண்டுவந்து என் மார்பின் மேல் வைத்து, ஒரு வேட்டித் துண்டால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டினார். அம்மா எழுந்து வருகிற வரை அப்பா உடம்புச் சூடுதான் இவளுக்கு மெத்தை என்றார்.

நான் அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. சொல்லப்போனால் மூச்சே விடவில்லை. மார்பு ஏறி இறங்கினால் விழுந்துவிடுவாளோ என்று. நர்சம்மா போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தார். என் முகம் நீலமாகியிருந்திருக்க வேண்டும்.

"சார், மூச்சு விடுங்க. நீங்க விட்டாத்தான் அவளுக்கும் ஞாபகம் வரும்."

விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளும் விட்டாள். நான் ஒன்று, அவள் ரெண்டு. நான் ஒன்று, அவள் ரெண்டு. பதினோரு நாள் அப்படிக் கிடந்தோம். அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒரே நீளமான மத்தியானம் மாதிரிதான் ஞாபகத்தில் இருக்கிறது. பக்கத்துக் கட்டில்களில் குழந்தைகள் அழுதன, யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள், சன்னலில் வேப்பங்கிளை ஆடியது. எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி. மேலே நாங்கள் இரண்டு பேர் மிதந்துகொண்டிருந்தோம்.

அந்த மார்பில் இருக்கும் தூள்தான் இப்போது அவளுக்கு மூச்சை அடைக்கிறது என்றால், ஒரு மனுஷன் தேங்காயோடு கடை கடையாக ஏறி இறங்க மாட்டானா, சொல்லுங்கள்.

மெத்தை போடுகிறவன்

வேடிக்கை என்னவென்றால், படுக்கை போடுவது எனக்குத் தெரிந்த ஒரே தொழில். புழுவுக்குத் தழையில் படுக்கை போட்டே பிழைக்கிறவன் நான்.

புழு வளர வளரப் படுக்கையை அகலப்படுத்த வேண்டும். நெருக்கினால் நோய் வரும். வெயில் ஏறினால் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். ரேக்கின் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் எறும்பு ஏறிப் புழுவைத் தின்றுவிடும். சுவரோரம் சுண்ணாம்புத் தூளால் கோடு. தோலுரிக்கிற சமயம் வந்தால் புழு தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே தூங்கும். ஒரு முழு நாள். அப்போது கொட்டகைக்குள் யாரும் பேசக் கூடாது, மீன் வறுத்த கையோடு வரக் கூடாது, படுக்கையைத் தொடவே கூடாது. அதுவரை தழை தின்கிற சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்குத் தூறல் நின்றுவிடும். ஆயிரக்கணக்கான தலைகள் அண்ணாந்து தூங்குகிற மௌனம். அந்த மௌனத்தில் நின்றால் எனக்கே கொட்டாவி வரும்.

கடைசியில் புழு பழுத்து, கண்ணாடி மாதிரி மஞ்சளாகி, கூடு கட்ட இடம் தேடும். ஒவ்வொன்றையும் தனித்தனி இடத்தில் விட வேண்டும். இடம் போதாமல் இரண்டு புழு ஒரே இடத்தில் கட்டினால் இரட்டைக் கூடு ஆகிவிடும். பெரிதாக, குண்டாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நூலும் பின்னிக்கொண்டு அதைப் பிரித்து எடுக்கவே முடியாது. மார்க்கெட்டில் அதைப் பொறுக்கித் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

கடையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் பிலோமியிடம் சொன்னேன். "அந்த வலைக் கட்டில் பரவால்ல. ஆனா அதுல தூசி அடையும். கார் கட்டில்ல முனை இருக்குது. மாடிக் கட்டில் வேணவே வேணாம். நம்ம அமலிக்கு ஏத்த கட்டில் அங்க இல்ல. இன்னொரு மாசம் பொறுத்துப் பார்க்கலாமா? நான் தினம் ரெண்டு தடவை குளிச்சிட்டு வந்து படுத்துக்கிறேன்."

பிலோமி சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் மடியில் அமலி. அமலியின் மடியில் தேங்காய்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா," என்றாள். "இரட்டைக் கூட்டை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒதுக்கிடுவேன்."

"அது தெரியுதில்ல. அப்புறம் எதுக்குத் தேங்காய் மேல பழி போடறீங்க?"

நான் அமலியின் மடியிலிருந்த தேங்காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எத்தனை முட்டைக்கு?

புழு வர ஆறு நாள் மிச்சம் இருந்தபோது எனக்குத் தங்கவேலு ஞாபகம் வந்தார். பென்னாகரம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துப் புழுக்கொட்டகை ரேக்குகள் பாதிக்கு மேல் அவர் கைவேலை. எனக்கு உலகத்திலேயே நம்பிக்கையான படுக்கை எது? இத்தனை வருஷத்தில் ஒரு புழுகூடக் கீழே விழாத தங்கவேலு ரேக்தான். இதை நான் ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை.

"ரேக் ஒண்ணு வேணும் தங்கவேலு."

"எத்தனை அடுக்குங்கண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தனை முட்டைக்கு?"

எங்கள் தொழிலில் எல்லாம் முட்டைக் கணக்கு. நூறு முட்டைப் புழுவுக்கு இவ்வளவு இடம், இருநூறுக்கு இவ்வளவு என்று.

"ஒரு புள்ளைக்கு," என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். தங்கவேலு சிரிக்கவில்லை. ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, பட்டறைத் தரையில் ஒரு நீளக் கட்டம் போட்டார். "படுங்கண்ணா."

"நானா?"

"பாப்பா வளந்துக்கிட்டே போவும் இல்ல? நீங்க காலை மடக்கிப் படுத்தா எவ்வளவு வருதோ அவ்வளவு போதும்."

படுத்தேன். இரும்புத் துருவின் மணம், மேலே தகரக் கூரையின் ஓட்டைகளில் வெயில் நட்சத்திரம் நட்சத்திரமாக. தங்கவேலு என்னைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். சாக்பீஸ் உரசுகிற அந்தச் சத்தத்தில் மறுபடி கண் சொருகியது. கட்டில் தேடி அலைந்த அந்த வாரத்தில் நான் தூங்கிய தூக்கமெல்லாம் பிறத்தியார் இடத்தில்தான்.

"உயரம்?"

"விழுந்தா வலிக்காத உயரம்."

"அது தரைதாங்கண்ணா."

பேரம் பேசி ஒரு முழத்துக்கு வந்தோம். மூலையெல்லாம் வளைத்த உருளைக் குழாய். ஓரத்தில் தடுப்புக் கம்பி. இறங்கி ஏறக் கால்மாட்டில் மட்டும் வழி. மெத்தைக்குப் பதில் நைலான் நாடா பின்னி, மேலே துவைக்கிற மாதிரி ஒரு விரிப்பு. கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு விடுவது என்று அவர் கேட்டபோது, பையிலிருந்து தேங்காயை எடுத்துக் கொடுத்தேன். தங்கவேலு அதை வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் வேலை மேசையில் வைத்துக்கொண்டார். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனைக் கேள்வி கேட்பதில்லை.

இரண்டு நாள் இருக்கும்போது கட்டில் வந்தது. வெளிர் நீலப் பெயின்ட். வாசனை போகட்டும் என்று மல்பெரித் தோட்டத்து வரப்பில் ஒரு நாள் முழுக்கக் காற்றாட நிறுத்தி வைத்தோம். ஒரு தவிட்டுக் குருவி வந்து தடுப்புக் கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தங்கவேலு வண்டியிலிருந்து நாலு பிளாஸ்டிக் கிண்ணத்தையும் எடுத்து என் கையில் கொடுத்திருந்தார். "ரேக்குன்னா கிண்ணம் தர்றது பழக்கங்க. பாப்பாவையும் எறும்பு கடிக்கும் இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மனுஷனாவது என்னைப் புரிந்துகொண்டானே.

வெள்ளை வட்டம்

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் பிலோமியும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

கூடு சாக்குகள் வைத்திருந்த பக்கத்து அறையைக் காலி செய்து, பிலோமி மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தாள். சுவர் துடைத்தாள், சன்னல் துடைத்தாள், மின்விசிறி இறக்கையை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கட்டிலை நடுவில் போட்டோம். கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக் கால்களை நிறுத்தினோம். சாயங்காலம் அமலியைக் குளிக்க வைக்கப் போனாள் பிலோமி.

நான் தனியாக நின்று கட்டிலைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. படுக்கை என்றால் இன்னும் ஏதோ உண்டே. கை தானாக அரித்தது.

கொட்டகைக்குப் போனேன். டப்பாவை எடுத்து வந்தேன். கட்டிலைச் சுற்றி நிதானமாக, ஒரு இடம் விடாமல், ஒரே சீராக வெள்ளைக் கோடு இழுத்தேன். இத்தனை வருஷத்துக் கை. வட்டம் அவ்வளவு அழகாக விழுந்தது. இனி ஓர் எறும்பு வரட்டும் பார்க்கலாம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

புது கவுன் போட்ட அமலி ஓடி வந்து, வட்டத்துக்குள் குதித்து, கட்டிலில் ஏறினாள். அவள் பின்னால் பிலோமி.

பிலோமி தரையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் எது ஆகாதுன்னாரு?"

"தூள்."

"இது என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் அமலி இருமினாள். ஒரு தடவை. பிறகு தொடர்ந்து. பிலோமி அவளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த உறிஞ்சு மருந்தை வாயில் வைத்து, "இழு கண்ணு, மெல்ல இழு, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அந்த மோசமான புல்லாங்குழலும் கேட்டது. தூக்கிக்கொள்ளக் கையை நீட்டி ஓடினேன். "கிட்ட வராதீங்க" என்றாள் பிலோமி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் கையைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளையாக இருந்தது.

மல்பெரி வரப்பில் போய் நின்றேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பயந்தாங்கொள்ளி உலகத்தில் எதைக் கண்டெல்லாம் பயப்படுவான் என்று இந்தத் தொடரில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். என்னைக் கண்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

இருமல் அடங்கியது. சத்தம் மெல்லிதாகி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வாசலிலிருந்து அமலியின் குரல்: "அப்பா ஏன் அங்க நிக்குது?"

"அப்பாவுக்குத் தண்டனை," என்றாள் பிலோமி.

"எவ்வளவு நேரம்?"

"துடைச்சு முடிக்கிற வரைக்கும்."

குளித்தேன். கொட்டகைப் பக்கமே போகாத வேட்டி ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டி, அந்த அழகான வட்டத்தை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த துணியை அலசி மறுபடி துடைத்தேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். கிண்ணங்களில் மட்டும் கை வைக்கவில்லை. தண்ணீர் யாரையும் இரும வைக்காதே.

கரை

அடுத்த நாள் மத்தியானம். சன்னலுக்கு வெளியே வெயில். அறைக்குள் பிலோமி தொங்கவிட்ட ஈரச்சேலையால் பச்சை நிழல். அமலி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கட்டிலின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை.

"அப்பா, இதுக்குக் கீழ தண்ணி இருக்குது."

"ஆமா கண்ணு."

"நாலு பக்கமும் தண்ணி."

"ஆமா."

அவள் எழுந்து கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். கால்மாட்டு வழியாக ஏறினாள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாடா லேசாக ஆடியது. இரண்டு கையாலும் ஓரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒகேனக்கல்லில் நான் பிடித்திருந்த அதே பிடி, என்னைப் பார்த்தாள்.

"இது கட்டில் இல்ல. பரிசல்."

"நானும் வரட்டுமா?"

யோசித்தாள். நேர்மையாக யோசித்தாள், கடைத்தம்பி மாதிரி. "நீ கத்துவே. நீ கரையிலயே நில்லு."

பிறகு படுத்தாள். கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டாள். துடுப்புப் போட்ட கை மெதுவாக நின்றது. ஈரச்சேலை உப்பியது, அமுங்கியது. கிண்ணத்துத் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஓர் ஆற்றைப் போல நெளிந்துகொண்டிருந்தது. என் இடது கையைப் பார்த்தேன். அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக அது மரக்காமல் இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மடக்கி, நீட்டி, கடைசியில் மடியில் வைத்துக்கொண்டேன்.

புழு வந்தது. வந்த அன்றிலிருந்து பிலோமி அமலியின் அறையில் தரையில் பாய் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொட்டகை. நான் தழை போட்டேன், படுக்கை அகலப்படுத்தினேன், தூறல் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசித் தோலுரிப்புக்குப் புழு எல்லாம் தூங்கப் போயிற்று. தூறல் நின்றது. பொழுது புலர்கிற நேரம். குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட, அமலியின் அறை வாசலுக்கு வந்தேன்.

உள்ளே போகவில்லை. படியில் கால் வைக்கவும் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. பிலோமி அடுப்படியில் இருந்தாள். நீலக் கட்டிலில் அமலி அண்ணாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். நாலு கிண்ணத்திலும் ஒரு காகிதக் கப்பல்.

காதைக் கொடுத்துக் கேட்டேன். புல்லாங்குழல் இருக்கிறதா. கேட்டேன். இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. வெறும் மூச்சு. வருகிறது, போகிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, காதெல்லாம் அடைத்து நெஞ்சு முட்டியபோதுதான், நான் மூச்சு விடவே இல்லை என்பது தெரிந்தது.

விட்டேன்.

அமலி கண்ணைத் திறக்கவில்லை. புரண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"மெதுவா மூச்சு வுடுப்பா. பரிசல் ஆடுது."